அரச உருவமும் ஆட்சியுரிமையும்: சீன அரசவை ஓவியங்களும் இராமலிங்க விலாசச் சுவரோவியங்களும்

முன்னுரை

அரசவை ஓவியம் அரசனின் தோற்றத்தைப் பதிவுசெய்வதோடு, அவன் ஆளத் தகுதியுடையவன் என்பதையும் நிறுவ முயல்கிறது. அம்முயற்சி சீன அரசவையிலும் சேதுபதிகளின் இராமநாதபுரத்திலும் எவ்வாறு அமைந்தது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது.

சீன அரசவை

சீனப் பேரரசர்களின் அரியணை உருவப்படங்கள் நேர்முகமாகவும் அசைவின்றியும் அமைந்தவை; முன்னோர் வழிபாட்டிலும் இடம்பெற்றவை. வேட்டை ஓவியங்கள் இதற்கு மாறானவை. லியு குவாந்தாவ் 1280இல் பட்டுத்துணியில் தீட்டிய ஓவியத்தில் குப்லாய் கான் வெண்மயிர்த்தோல் மேலங்கியுடன் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். உடன்வந்த வீரன் ஒருவன் வானோக்கி வில்லை வளைக்கிறான். சிங் மரபின் காங்சி பேரரசர் 1681இல் மூலான் வேட்டைக்களத்தை நிறுவினார். அங்கு நடைபெற்ற வேட்டை, படைப்பயிற்சியாகவும் மங்கோலியத் தலைவர்களுடன் உறவைப் பேணும் வாய்ப்பாகவும் விளங்கியது. அவருடைய பேரன் சியான்லாங் காலத்தில், இத்தாலியரான காஸ்திலியோனே உள்ளிட்ட அரசவை ஓவியர்கள் அவ்வேட்டையை நீண்ட பட்டுச்சுருள்களில் வரைந்தனர்.

இராமலிங்க விலாசம்

காங்சியின் இறுதிக்காலத்தில் இராமநாதபுரத்தை ஆண்டவர் முத்து விஜயரகுநாத சேதுபதி. கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் அவருடைய காலத்தைச் சார்ந்தவை. தேவி இராஜராஜேஸ்வரியிடமிருந்து மன்னர் செங்கோல் பெறுதல், தஞ்சை மராட்டியருடனான போர், ஐரோப்பியரின் வருகை ஆகியவை இராமாயண, பாகவதக் காட்சிகளுடன் ஒரே மாளிகையில் இடம்பெற்றுள்ளன. தமிழ் எழுத்துக் குறிப்புகளும் உள்ளன.

ஒப்பீடு

சீன வேட்டை ஓவியத்தில் ஆட்சித்தகுதி அரசனின் உடல்வலிமையாலும் படைத்திறத்தாலும் வெளிப்படுகிறது. இராமநாதபுரத்திலோ போர்த்திறம் மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. ஆட்சியுரிமை தேவி அருளிய கொடையாகக் காட்டப்படுகிறது. செங்கோற் காட்சியை விலக்கிவிட்டால், போர்க்காட்சி வெறும் நிகழ்ச்சிப் பதிவாகவே எஞ்சும்.

ஊடக வேறுபாடும் கருதத்தக்கது. மூலான் சுருள்கள் இன்று பாரிசின் கீமே அருங்காட்சியகத்தில் உள்ளன. இடம் பெயர்ந்தபோதும் அவற்றின் காட்சித்தொடர் குலையவில்லை. சுவரோவியத்திற்கு அவ்வாய்ப்பில்லை. சுதை உதிருமாயின் அக்காட்சியோடு அண்டைக் காட்சியின் பொருளும் குன்றும்.

முடிவுரை

எனவே, இச்சுவரோவியங்களைத் தனித்தனி நிழற்படங்களாகக் கொண்டு ஆராய்வது போதாது. எந்தச் சுவரில், எக்காட்சிக்கு அருகில், எந்த எழுத்துக் குறிப்புடன் ஒவ்வொன்றும் அமைந்துள்ளது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். ஆட்சியுரிமை பற்றிய சேதுபதியின் கூற்று அந்த வரிசையிலேயே அடங்கியுள்ளது.