முதற்பனியை நம்பி

நவம்பர் மாத முற்பகுதியில் ஒரு நாள், விடியுமுன்னரே நாங்கள் நால்வரும் சறுக்குப் பலகைகளை வண்டியில் ஏற்றினோம். முழங்காற் காயத்தால் முந்திய மாரி முழுவதையும் வீட்டிலே கழித்தவன் நான். ஆகவே, அக்டோபரில் முதற்பனி பெய்ததென்ற செய்தி கேட்ட நாள் முதலாக என் மனம் மலையிலேயே இருந்தது.

நாங்கள் சென்ற இடம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள பேர்தட் கணவாய். ஏறத்தாழ 11,300 அடி உயரமான அக்கணவாய் ஒரு பெரும் நீர்பிரி மேடு. அதன் ஒருபுறம் உருகும் பனி பசுபிக் சமுத்திரத்தின் பக்கம் ஓடும். மறுபுறம் உருகுவது மிசிசிப்பியுடன் கூடி மெக்சிக்கோ வளைகுடாவை நாடும். 1937ஆம் ஆண்டிலேயே சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லக் கயிறு பூட்டிய இடம் அது. இன்றோ அங்கு அத்தகைய இயந்திரம் எதுவுமில்லை. சரிவின் உச்சியை விரும்புபவன் தன் காலால் ஏறவேண்டும்.

ஏறுவதற்கென்று பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இக்காலத்தில் மயிரடர்ந்த துணி. மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே நழுவாது. பனியிற் புதையுண்டவரைத் தேடும் வானொலிக் கருவி, சவள், நீண்ட துழாவுகோல் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தன. புதையுண்டோரிற் கால் மணி நேரத்துக்குள் மீட்கப்படுபவர் பெரும்பாலும் பிழைப்பர். அதன்பின் நம்பிக்கை விரைவிற் குன்றிவிடும்.

ஆனால், நாங்கள் கனவு கண்ட பனி எங்கே? புல் நுனிகளும் புதர்களும் வெளியே தெரிந்தன. பாடசாலை ஆசிரியரான நண்பரின் புதிய பலகையைக் கல்லொன்று நெடுகக் கீறியது. அவர் ஒன்றும் பேசாமற் குனிந்து அக்கீறலைத் தடவிப் பார்த்தார். நானோ, மேலே செங்குத்தாக வெள்ளைவெளேரென்று நின்ற சரிவைச் சுட்டி, காற்று அங்கே பனியைச் சேர்த்திருக்கிறது என்று எல்லோரையும் தூண்டினேன்.

எங்களுள் இளையவளான மாணவி சவளை எடுத்துத் தரைவரை ஒரு குழி தோண்டினாள். அடியிலிருந்த பனியைக் கையில் அள்ளினாள். அது சீனியைப் போல விரல்களினூடே உதிர்ந்தது. பனி ஆழமின்றி இருக்கையில், அடியில் நிலம் சற்று வெம்மையாகவும் மேலே இரவுக் காற்று கடுங்குளிராகவும் இருக்கும். அவ்விடைவெளியில் நீராவி மேலெழுந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரும் பளிங்குகளாக்கிவிடும். அவற்றின்மேற் காற்றுக் கொணர்ந்த பனி பலகைபோல் இறுகினால், மணல்மேல் வைத்த கூரையாகும்.

"இனி ஏறவேண்டாம், திரும்புவோம்" என்றாள்.

நான் சிரித்தேன். "புத்தகத்தைப் பார்த்து மலையேற முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பத்தடி முன்னே நடந்தேன்.

அப்பொழுது காலின்கீழ் 'வும்' என்றொரு சத்தம். நான் நின்ற இடம் ஓரங்குலம் அமிழ்ந்தது. கோடு கிழித்தாற்போல ஒரு வெடிப்பு என் முன்னே ஓடிற்று. நாங்கள் நின்றது மென்சரிவாதலால் பனி நகரவில்லை. பனிச்சரிவுகள் பெரும்பாலும் முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளிலேயே நிகழ்வன. நான் காட்டிய வெண்சரிவு அத்தகையதே.

ஒருவரும் பேசவில்லை. வந்த தடத்திலேயே இறங்கினோம்; பாதித் தூரம் பலகைகளைத் தோளிற் சுமந்தோம். சறுக்கியது என்று சொல்ல நூறு யார் தேறாது. வண்டியில் ஏறியபின் அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் கூறாமற் குடுவையிலிருந்த தேநீரை எனக்கும் ஊற்றித் தந்தாள். அவள் என்னைக் கடிந்திருந்தாற்கூட அவ்வளவு நாணியிருக்க மாட்டேன்.

முதற்பனி அடுத்தடுத்த பனியின்கீழ் மறையும். ஆனால் அதன் பலவீனம் பல வாரம் அங்கேயே கிடக்கும். தை மாதத்தில் மீண்டும் அம்மலைக்குச் சென்றோம். கல்லும் புல்லும் தெரியவில்லை. எங்கும் ஆழ்ந்த வெண்மை. பலகையிற் காலைப் பூட்டுமுன், எவ்வழியே போகலாமென்று அவளிடமே முதலிற் கேட்டேன்.