சாரதியின் தோல் கோட்டு

ஆடை மனிதனுக்காகவா, மனிதன் ஆடைக்காகவா என்று மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்கு விடை எனக்கு எடின்பரோ நகரத்துக் கடையொன்றில் கிடைத்தது.

என் பழைய மாணவன் ஒருவன் அந்நகரில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற மார்கழியில் அவன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு நாள் அலமாரியைத் திறந்து, "ஸார், மூன்று மாதச் சேமிப்பை இதில் போட்டு ஏமாந்துவிட்டேன்" என்றான். அக்காலத்து மோட்டார்க்காரர்கள் அணிந்த மாதிரியில் தைத்த கனத்த தோல் கோட்டு அது. கண்ணாடி முன் நின்றால் ராஜ கம்பீரந்தான். காரில் உட்கார்ந்தாலோ, காலர் மோவாயை இடித்தது. சக்கரத்தைப் பிடிக்கக் கைகளை நீட்டினால் முதுகு இறுகியது. மணிக்கட்டு குளிரில் வெளியே நின்றது. மறுபடி பணம் சேர்த்து வைத்திருந்தான். இம்முறை என்னைத் துணைக்கு வரும்படி வேண்டினான்.

தோலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும் வாத்தியார் அல்லவா! இரவு முழுவதும் புத்தகங்களைப் புரட்டினேன்.

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்குக் கூரையும் இல்லை, முன் கண்ணாடியும் இல்லை. அதன்பின் வந்த வண்டிகளும் நெடுங்காலம் பெரும்பாலும் திறந்தவையே. மழை, புழுதி, பனிக்காற்று யாவும் ஓட்டுபவர் மார்பில்தான் மோதின. கம்பளிக்குள் காற்றுப் புகும். கனத்த தோலுக்குள் எளிதில் புகாது. லண்டனில் ஆல்பிரட் டன்ஹில் என்பவர் 1893-ல் தந்தையின் சேணத் தொழிலை ஏற்றார். மோட்டார் யுகம் பிறப்பதைக் கண்டதும், சாரதிகளுக்கு வேண்டிய தோல் கோட்டுகளையும் தூசிக் கண்ணாடிகளையும் விற்கலானார். குதிரையை நம்பியிருந்த தொழில் குதிரையை விரட்டிய யந்திரத்தாலேயே பிழைத்துக்கொண்டது!

1920-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் புதிய கார்களில் பெரும்பாலானவை மூடிய கார்களாகிவிட்டன. பிறகு காருக்குள் வெப்பமூட்டும் சாதனமும் வந்தது. கோட்டின் தேவை குறைந்தது. அழகு மட்டும் நிலைத்தது.

இவற்றையெல்லாம் படித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. இந்தக் கோட்டு உட்கார்ந்திருப்பவனுக்காகப் பிறந்தது. தொடையின் நடுவோடு அது நின்றுவிடுவதும், காற்றுப் புகாதபடி முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிவதும் அதனால்தான். ஆகவே அதை உட்கார்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

மறுநாள் கடையில் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் சற்று வியப்புடன்தான் கொடுத்தார். குளிர்காலத்தில் உள்ளே அணியும் கம்பளிச் சட்டையோடு மாணவனை உட்காரவைத்து, சக்கரத்தைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டச் சொன்னேன். அப்போதும் கோட்டின் கை மணிக்கட்டை மூட வேண்டும். காலர் மோவாயில் இடிக்கக் கூடாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் அமைவது மிக முக்கியம். துணியைப் பிரித்துத் தைக்கலாம். தோலிலோ பழைய ஊசித் துளை மறைவதில்லை.

அடுத்தது தோலின் குணம். மாட்டுத் தோலும் குதிரைத் தோலும் உறுதியானவை. செம்மறியாட்டுத் தோல் மென்மையானது, இலேசானது, ஆனால் விரைவில் கிழியக்கூடும். 'அசல் தோல்' என்ற சீட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் ஓட வேண்டும். மேற்பரப்பு பளிங்குபோல் ஒரே சீராக இருந்தால், கனத்த சாயப்பூச்சு குறைகளை மறைத்திருக்கலாம். மரப்பட்டையால் பதனிட்ட தோல் விறைப்பாயிருந்து நாளடைவில் நிறம் ஆழ்ந்து அழகுபெறும். குரோம் உப்பால் பதனிட்டது மென்மையானது. நனைவதையும் நன்கு தாங்கும். இந்த இரண்டு முறைகளும் நமக்கு அந்நியமல்ல. நம் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து பல்லாண்டுகள் லண்டனுக்குக் கப்பலேறியது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது.

நான்காவது கோட்டு பொருந்தியது. கனமோ ஏறக்குறைய மூன்று கிலோ! முதல் சில வாரங்கள் அது பலகைபோல்தான் இருக்கும். அடிக்கடி அணிந்தால் முழங்கை மடிப்புகள் உடையவருடைய உடம்புக்கேற்ப அமைந்துவிடும். நனைந்தால் அகன்ற மர ஹாங்கரில் மாட்டி நிழலில் உலர்த்த வேண்டும். கணப்பின் அருகே வைத்தால் தோல் வெடித்துவிடும். பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் பூசணம் பிடிக்கும். துணி உறையே நல்லது. இக்காலத்துக் காரில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இருக்கை வார் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். ஆகையால் கார் சூடேறியதும் கனத்த கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் போடுவதே விவேகம்.

பழைய கோட்டு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். "ஸார், உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதே?" என்றான் மாணவன். தெரியாது என்றேன். உடனே அதை என் தோளில் போட்டுவிட்டான். அவனைவிட மெலிந்த எனக்கு அது கச்சிதமாயிருந்தது. மிச்சமிருந்த நாட்களில் கடற்காற்று வீசும் வீதிகளில் அதை அணிந்தே நடந்தேன். ஒரு குறையும் காணவில்லை. சாரதிக்கு உதவாத கோட்டு பாதசாரிக்கு உதவிற்று.

ஊருக்கு மட்டும் எடுத்து வரவில்லை. நம் வெயிலில் அதை அணிந்தால், மனிதன் ஆடைக்காக என்றல்லவா ஆகிவிடும்!