இயந்திரம் 'இயலாது' என்று சொல்லும் விதம்

நீர்ப்பம்பி வேலை செய்யாதபோது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் ஏதோ ஓர் இலக்கம் தோன்றும். அதைக் கண்டதும் "எல்லாம் பழுது, புதிது வாங்க வேண்டும்" என்று நாம் பயந்துவிடுகிறோம். கடன்பட்டு மறுபடியும் தோட்டம் செய்யத் தொடங்கும் குடும்பத்திற்கு இது சிறிய விடயமன்று. எனவே அந்த இலக்கங்களுள் ஒரு வகையின் பொருளை இங்கு பார்ப்போம்.

தொழிற்சாலைகளில் ஒரு தலைமைக் கருவி மற்றக் கருவிகளிடம் கேள்வி கேட்கும். அவை பதில் சொல்லும். இதற்கென அமெரிக்காவின் மொடிக்கன் நிறுவனம் 1979ஆம் ஆண்டில் 'மொட்பஸ்' என்ற ஒழுங்கை வெளியிட்டது. இன்று மின்மானிகள், சூரிய மின் பம்பிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எனப் பலவற்றிலும் இது பயன்படுகின்றது.

கேள்வியில் நான்கு பகுதிகள் உண்டு: கருவியின் முகவரி, கட்டளை இலக்கம், விபரம், சரிபார்ப்பு இலக்கம். உதாரணமாக, 5ஆம் கருவியிடம் 3ஆம் கட்டளை மூலம் ஓர் அளவு கேட்கப்படுகிறது என்போம். இயலுமாயின் அது அதே 3ஐத் திருப்பிச் சொல்லி, அளவையும் தரும். இயலாவிடின் 3உடன் 128ஐக் கூட்டி 131 என்று சொல்லி, பின்னால் காரணத்தின் இலக்கத்தை வைக்கும். கட்டளைகள் 127ஐத் தாண்டுவதில்லை. ஆகவே 128க்கு மேற்பட்டது மறுப்பு என்பது உடனே விளங்கும்.

முக்கியமான காரணங்கள் இவை:

1 – இந்தக் கட்டளையை நான் ஏற்பதில்லை.
2 – நீர் கேட்ட பதிவிடம் என்னிடம் இல்லை.
3 – கேள்வியில் உள்ள அளவு பொருந்தாது. (3ஆம் கட்டளையில் ஒரே தடவையில் 125 பதிவிடங்களுக்கு மேல் கேட்க முடியாது.)
4 – வேலையைச் செய்கையில் என்னிடம் பழுது ஏற்பட்டது.
6 – வேறு வேலையில் இருக்கிறேன்; பின்னர் கேளும்.

பதிலே வராத நிலையும் உண்டு. சரிபார்ப்பு இலக்கம் பொருந்தாவிடின் கருவி மௌனமாக இருக்கும். செய்தி வழியில் சிதைந்திருந்தால் முகவரியே பிழையாக இருக்கலாம்; யாருக்கோ வந்த கேள்விக்கு வேறொருவர் பதில் சொல்லக்கூடாதல்லவா? தலைமைக் கருவி குறித்த நேரம் காத்திருந்து, மறுபடியும் கேட்கும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? 1, 2, 3 வந்தால் கருவி கேட்கிறது, பேசுகிறது, வயரும் நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் பிழை கேட்கும் பக்கத்து அமைப்பிலேயே இருக்கும். 4 வந்தால் கருவியைச் சோதிக்க வேண்டும். மௌனமாயின் மின்சாரம், வயர், முகவரி, பேசும் வேகம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே திருத்துபவர் வரும்போது, "பதில் வந்ததா? வந்தால் எந்த இலக்கம்?" என்று தயங்காமல் கேட்போம். கம்பனிகள் தமக்கெனவும் வேறு இலக்கங்களை வைத்திருப்பதால், பம்பியுடன் வரும் கைநூலைப் பத்திரப்படுத்துவோம். காரணம் தெரிந்த பின்னரே பணத்தைச் செலவிடுவோம்.