விளம்பரம் ஒருமுறை அழைக்கும். நம்பிக்கை மறுமுறை அழைக்கும்

2020 மார்ச் 18. நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த நாள். 1924 முதல் ஜொகூர்பாருவையும் சிங்கப்பூரையும் இணைத்து நிற்கும் கடற்பாலத்தில் அன்று மக்கள் நடமாட்டம் நின்றது. சரக்கு லோரிகள் மட்டும் ஓடின. தரைவழிப் பயணம் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது 2022 ஏப்ரல் 1-இல்தான். இடையில் இரண்டு ஆண்டுகள்!

வார இறுதி என்றாலே சிங்கப்பூர் வாடிக்கையாளர்களை நம்பியிருந்த ஜொகூர்பாரு வணிகர்களுக்கு அது சோதனைக் காலம். ஜவுளிக்கடை, பூக்கடை, உணவகம், முடிதிருத்தும் நிலையம் என எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: வாடிக்கையாளர் கடைக்கு வர முடியாவிட்டால், கடை வாடிக்கையாளரிடம் போவது எப்படி?

விடை கைப்பேசியில் இருந்தது. முகநூல் நேரலையில் சேலை விற்பதும், வாட்ஸ்அப்பில் பலகாரத்திற்கு ஆர்டர் எடுப்பதும், டிக்டாக்கில் கடையைச் சுற்றிக் காட்டுவதும் நம்மிடையே சகஜமானது அந்தக் காலத்தில்தான். பல வீடுகளில் அப்பா அம்மா பேச, கைப்பேசியைப் பிடித்து நின்றவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்களே. அதனால், சமூக ஊடகச் சந்தைப்படுத்துதல் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால், காணொளி எடுக்கத் தெரிவதும் வணிகம் செய்யத் தெரிவதும் ஒன்றா? இக்கட்டுரை அதைத்தான் பேசப் போகிறது.

முதலில் கொடு, பிறகு கேள்

நம் நாட்டிலேயே இரு சான்றுகள் உள்ளன.

பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு - பவித்ரா தம்பதியர் 2020-இன் தொடக்கத்தில் யூடியூபில் சமையல் காணொளிகளைப் பதிவேற்றத் தொடங்கினர். எளிய வீட்டுச் சமையலறை, கையில் ஒரு கைப்பேசி, அவ்வளவுதான் முதலீடு. நம் வீட்டுச் சமையலைப் பவித்ரா தெளிவான மலாய் மொழியில் விளக்கினார். சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானோர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். தமிழ் வீட்டுக் குழம்பை மலாய்க்கார, சீன நண்பர்களும் சமைத்துப் பார்த்தனர். இதிலுள்ள பாடம் என்ன? பொருள் நம்முடையதாக இருக்கலாம். அதைச் சொல்லும் மொழி வாங்குபவருக்குப் புரிய வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் புழங்கும் ஜொகூர் மாணவருக்கு இது பெரிய பலம்.

இன்னொருவர் கைருல் அமிங். ரமலான் மாதத்தில் 30 நாளில் 30 சமையல் குறிப்புகள் என்று குறுங்காணொளிகளை வெளியிட்டுப் பெயர் பெற்றவர். குறிப்புகளை இலவசமாகவே கொடுத்தார். அப்படிக் கொடுத்துக் கொடுத்து மக்களின் நம்பிக்கையைப் பெற்ற பிறகுதான், 2021-இல் 'சம்பால் ஞெட்' என்ற தம் சொந்தத் தயாரிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இணையத்தில் விற்பனை திறந்ததுமே சம்பால் போத்தல்கள் தீர்ந்துபோகும் நிலை உருவானது.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கணக்குத் தொடங்கிய முதல் நாளே "வாங்குங்கள், வாங்குங்கள்" என்கிறார்கள். தெரியாதவர் கதவைத் தட்டிக் கடன் கேட்பது போன்றது அது. முறுக்கு விற்பவர், முறுக்கு ஏன் எண்ணெய் குடிக்கிறது என்று சொல்லித் தரலாம். தையல் தொழில் செய்பவர், சட்டை அளவு எடுப்பது எப்படி என்று காட்டலாம். பயனுள்ள ஒன்றைக் கொடுப்பவரை மக்கள் மறப்பதில்லை.

விருப்பக்குறி வேறு, வருமானம் வேறு

"என் பதிவுக்கு 500 லைக் வந்தது" என்று மகிழ்வதில் தவறில்லை. ஆனால், லைக்கைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாசாயில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருவர், தீபாவளிக்கு அம்மா சுடும் முறுக்கை விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு போத்தலின் விலை 15 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, போத்தல், ஒட்டுவில்லை எல்லாம் சேர்த்து அடக்கச் செலவு 9 வெள்ளி. மிச்சம் 6 வெள்ளி. நாளுக்கு 10 வெள்ளி வீதம் 6 நாள்களுக்கு முகநூலில் விளம்பரம் செய்கிறார். செலவு 60 வெள்ளி. 40 பேர் விசாரிக்கிறார்கள். அவர்களில் 8 பேர் ஆளுக்கு ஒரு போத்தல் வாங்குகிறார்கள்.

கிடைத்த இலாபம் 48 வெள்ளி. விளம்பரச் செலவு 60 வெள்ளி. ஆக, 12 வெள்ளி நட்டம்!

அந்த எட்டுப் பேரில் நால்வர், முறுக்கின் சுவைக்காகப் பொங்கலுக்கு மீண்டும் ஆளுக்கு இரண்டு போத்தல் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். இம்முறை விளம்பரச் செலவு இல்லை. இன்னொரு 48 வெள்ளி வருகிறது. இப்போது மொத்தக் கணக்கில் 36 வெள்ளி இலாபம். நட்டத்தை இலாபமாக்கியது விளம்பரம் அன்று. திரும்பி வந்த அந்த நால்வர்தாம். அம்மாவின் உழைப்புக்கான கூலியை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அதனால், விளம்பரம் போடும் முன் மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள்: ஒரு பொருளில் எனக்கு மிஞ்சுவது எவ்வளவு? ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு எவ்வளவு? அவர் எத்தனை முறை திரும்பி வருகிறார்? எஸ்பிஎம் தேர்வுக்கு வணிகமோ கணக்கியலோ படிப்பவர்களுக்கு இது பாடநூலுக்கு வெளியே கிடைக்கும் நல்ல பயிற்சி.

யாரிடம் சொல்கிறோம்?

முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை ஊர், வயது, ஈடுபாடு ஆகியவற்றின்படி நாமே தேர்ந்தெடுக்கலாம். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் கேக்கைக் கோலாலம்பூரில் இருப்பவருக்குக் காட்டி என்ன பயன்? மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் என்று உங்களால் போய்ச் சேர முடிந்த வட்டாரத்தோடு நிறுத்திக்கொண்டால் பணம் வீணாகாது.

டிக்டாக்கின் போக்கு சற்று வேறு. அங்கே உங்களைப் பின்தொடர்பவர்கள் குறைவாக இருந்தாலும் காணொளி புதியவர்களைச் சென்றடையலாம். பார்ப்பவர் இறுதிவரை பார்க்கிறாரா என்பதை அச்செயலி முக்கிய அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. எனவே "வணக்கம், நான் யார் தெரியுமா" என்று நீட்டாமல், கொதிக்கும் எண்ணெயில் முறுக்கு விழும் காட்சியிலிருந்தே தொடங்குங்கள்.

பணமே செலவாகாத வழிகளும் உண்டு. வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் படம், விலையுடன் பொருள் பட்டியல் வைக்கலாம். கடை இருந்தால், கூகள் வரைபடத்தில் அதை இலவசமாகப் பதியலாம். எல்லாவற்றிலும் மேலானது வாடிக்கையாளர் தாமே செய்யும் விளம்பரம். ஜொகூர்பாரு, ஜாலான் டான் ஹியோக் நீயில் உள்ள ஹியாப் ஜூ ரொட்டிக்கடை 1919 முதல் இயங்குகிறது. இன்றும் விறகு அடுப்பில்தான் அங்கே வாழைப்பழக் கேக் வேகிறது. அங்கு போகும் சுற்றுப்பயணிகள் வாங்குவதோடு நிற்பதில்லை. படமெடுத்துப் பதிவிட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். நூறாண்டுப் பழைய அடுப்புக்குப் புதிய ஊடகம் விளம்பரம் செய்கிறது. காட்டுவதற்கு உண்மையான ஒன்று இருந்தால், காட்டுவதற்கு ஆள் தானே வரும்.

"விலைக்குப் பிஎம் செய்யவும்"

இந்த வரியை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அழகான படம் இருக்கும், விலை இருக்காது. கேட்டால், தனிச் செய்தி அனுப்புங்கள் என்பார்கள். இது தந்திரமன்று, சட்ட மீறல்.

மின்னியல் வாணிபம் தொடர்பான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை நம் நாட்டில் நடப்பில் உள்ளது. இணையத்தில் விற்பவர் தம் பெயர் அல்லது வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளைப் பற்றிய விளக்கம், அனுப்பும் செலவு உள்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை, விற்பனை நிபந்தனைகள், பொருள் எப்போது கிடைக்கும் என்ற விவரம் ஆகியவற்றை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. மீறினால் அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம். "நான் மாணவன், சும்மா பகுதி நேரமாகச் செய்கிறேன்" என்பது காரணமாகாது.

வணிகத்தைத் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். அதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பெற்றோரின் பெயரில் உள்ள வணிகத்திற்குத் துணையாக நின்று தொழில் கற்கலாம்.

பொருளைப் பற்றிச் சொல்வதிலும் எல்லை உண்டு. இந்தப் பொடியைக் குடித்தால் நீரிழிவு குணமாகும், புற்றுநோய் ஓடிவிடும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. பிறருடைய படத்தை எடுத்து நம் பொருள் என்று போடுவதும், விருப்பமான திரைப்பாடலை விளம்பரத்தில் சேர்ப்பதும் பதிப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். நம் சமையலறையில், நம் சன்னல் வெளிச்சத்தில், நாமே எடுத்த படம் சுமாராக இருந்தாலும் போதும். வாங்குபவர் கையில் கிடைப்பதும் படத்தில் பார்த்ததும் ஒன்றாக இருக்கும் அல்லவா?

ஏமாற்றாதே, ஏமாறாதே

விற்பவரும் ஏமாறலாம். பணம் செலுத்திவிட்டேன் என்று ஒரு ரசீதின் படம் வரும். அது போலியாக இருக்கும். வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். மூலப்பொருள் வாங்க அறிமுகமில்லாதவருக்குப் பணம் அனுப்பும் முன், அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதித்துப் பாருங்கள். இணைய மோசடியில் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நொறுங்கிய முறுக்கு

கடைசியாக ஒன்று. அந்த மாசாய் மாணவியின் முறுக்கு ஒருவர் வீட்டுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்கிறது. அவர் கோபமாக முகநூலில் எழுதிவிடுகிறார். என்ன செய்யலாம்? கருத்தை அழிக்கலாம், அவரைத் தடுக்கலாம், நண்பர்களைக் கூட்டி வந்து சண்டையும் போடலாம். இவை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களிடம் ஒன்றையே சொல்லும்: இவரிடம் வாங்கினால் நமக்கும் இதுதான் கதி.

"மன்னிக்கவும் அக்கா, போத்தலுக்குள் காகிதம் வைக்கத் தவறிவிட்டோம். நாளை வேறு போத்தல் அனுப்புகிறோம்" என்று எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே எழுதி, சொன்னபடி அனுப்பியும் வைத்தால்? 15 வெள்ளிப் பொருளில் கிடைக்கும் அந்த நற்பெயரை 60 வெள்ளி விளம்பரத்தால் வாங்க முடியாது.

அந்தக் காலத்துத் தோட்ட மளிகைக் கடைக்காரருக்கு ஒவ்வொரு வீட்டையும் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரைத் தெரியும். எடையில் குறைத்தால் மறுநாள் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிடும். சமூக ஊடகம் அந்தத் தோட்டத்தைப் பெரிதாக்கியிருக்கிறது, அவ்வளவே. கடைக்காரரின் பெயர் இன்னும் தொலைவு போகும். நல்ல பெயரும்தான், கெட்ட பெயரும்தான்.

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் கடை திறப்பது ஒரு நாள் வேலை. திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். பொருளின் முழு விலை, அது போய்ச் சேரும் நாள், குறை இருந்தால் நீங்கள் செய்யப் போவது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அதைக் காப்பாற்ற முடியும் என்று தோன்றினால், அதுவே உங்கள் முதல் பதிவாகட்டும்.