கடைசி பெர்த் யாருக்கு?

தாதர்–நெல்லை ரயிலில் ஒரே ஒரு பெர்த் பாக்கி. தாதரில் ஒருவர் கேட்கிறார். அதே நொடியில் நெல்லையில் ஒரு தந்தை, மும்பை மகனுக்காகக் கேட்கிறார். யாருக்குக் கிடைக்கும்?

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஆளுக்கொரு 'திரெட்' ஓடும். காலியா என்று பார்ப்பது ஒரு வேலை. பெயரைப் பதிவது அடுத்த வேலை. இடையில் மற்றொரு திரெட் எட்டிப் பார்த்தால் அதற்கும் 'காலி'தான். ஒரே பெர்த், இரண்டு டிக்கெட்!

எனவே பூட்டு. முந்திப் பூட்டியவருக்கே பெர்த். ரயில் முழுவதையும் பூட்டினால் தவறு வராது, கியூவும் நகராது. காலை 11 மணி தட்கல் கூட்டத்தில் அது ஆகிற காரியமா?

பெர்த்துக்கு ஒரு பூட்டு என்றால் வேகம். ஆனால் 2 பெர்த் கேட்கும் தம்பதிகளில், 17-ஐப் பிடித்தவர் 18-க்கும், 18-ஐப் பிடித்தவர் 17-க்கும் காத்திருந்தால் இருவரும் நின்றபடியே நிற்பார்கள். 'சிறிய எண்ணை முதலில் பூட்டு' என்று விதி எழுதிவிட்டால் இந்த இழுபறி வராது.