சித்திரையில் போடும் கணக்கு

சித்திரை முதல் நாள் மத்தியானம்தான் தமிழ்க் குடும்பங்களில் வரப்போகும் ஆண்டைப் பற்றிய பேச்சு தொடங்கும். வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி, வடை, பாயசம் என்று சாப்பாடு முடிந்திருக்கும். வீட்டில் மூத்தவர் மஞ்சள் தடவிய புதுப் பஞ்சாங்கத்தைப் பிரிப்பார். "தையில முகூர்த்தம் எத்தனை இருக்கு, பாருங்க" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். மகள் கல்யாணம், மகன் படிப்பு, மாடியில் ஒரு அறை, பெரியவருக்கு மணிவிழா, அடகிலிருக்கும் வளையல் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கும்.

அன்று காலையில் செய்யும் சடங்குகளும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவைதான். முதல் நாள் இரவே பூஜையறையில் ஒரு தட்டு வைத்துவிடுவார்கள். கண்ணாடிக்கு முன்னால் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, நகை, நாணயங்கள், பச்சரிசி, பூ. விடிந்ததும் கண்ணைத் திறக்காமல் வந்து முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். இதற்குக் கனி காணுதல் என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கோவைப் பக்கத்திலும் இது இன்னும் விமரிசையாக நடக்கிறது. என்னென்ன நிறைய வேண்டும் என்று வீடு நினைக்கிறதோ, அதெல்லாம் அந்தத் தட்டில் இருக்கும். கண்ணாடி அதை இரட்டிப்பாக்கிக் காட்டும்.

சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்துச் சித்திரை பிறக்கிறது. இப்போது அது பெரும்பாலும் ஏப்ரல் 14. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம் என்பதால் ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் இந்தத் தேதி தள்ளிப்போகிறது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. 2011-இல் அடுத்து வந்த அரசு அதை நீக்கியது. அந்த வழக்கு அறிஞர்களுக்கும் கட்சிகளுக்கும் உரியது. குடும்பக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டு மாதத்துக்கும் வேலை இருக்கிறது: திட்டம் போடுவது சித்திரையில், அது பலிக்குமென்று எதிர்பார்ப்பது தையில்.

பஞ்சாங்கத்தில் ஆண்டின் பொதுப்பலன் முதலில் வரும். ராஜா யார், மந்திரி யார், மேகாதிபதி யார் என்று கிரகங்களுக்குப் பதவி பிரித்துக் கொடுத்திருக்கும். மழையை மரக்கால் கணக்கில் சொல்லியிருக்கும். ஆனால் வீட்டில் எல்லோரும் தேடுவது ஆதாய விரயப் பக்கத்தை. ஒவ்வொரு ராசிக்கும் வரவு 5, செலவு 11 என்பதைப் போல இரண்டு எண்கள் இருக்கும். வரவைவிடச் செலவு கூடிய ராசிக்காரர் அந்த ஆண்டு முழுக்கக் கேலிக்கு ஆளாவார். வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்டால் அந்த எண்ணைக் காட்டித் தப்பிக்கவும் பார்ப்பார். பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறை உண்டு. சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச்சிலேயே என்றது திருக்கணிதம். 2026 மார்ச்சில்தான் என்றது வாக்கியம். கெட்ட காலம் முடிவது எதில் முன்னால் வருகிறதோ, அந்தப் பஞ்சாங்கத்தின் மேல் பல வீடுகளுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிடும்.

பலன் பகுதியை நம்பாத வீட்டிலும் மாதங்களின் வரிசை பேச்சை நடத்துகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாணம் இல்லை. பங்குனியில் கல்யாணம் உண்டு. ஆனால் புது வீட்டுக்குக் குடிபோவதைப் பலர் தவிர்ப்பார்கள். ஆடியில் வாடகை வீடுகூட மாற மாட்டார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடியில் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்வது வழக்கம். ஆடியில் கருவுற்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரை வெயிலில் பிரசவம் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். மின்விசிறிகூட இல்லாத காலத்தில் அந்தக் காரணத்துக்கு வலு இருந்திருக்கும்.

இந்த ஆகாத மாதங்களால் ஒரு சௌகரியமும் உண்டு. பெண் கேட்டு வந்தவர்களிடம் இடம் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. "ஆடி கழியட்டும், பேசிக்கலாம்" என்றால் போதும்; சொன்னவருக்கும் சங்கடமில்லை, கேட்டவருக்கும் அவமானமில்லை. கைமாற்றுக் கேட்டு வந்தவருக்கும் அதே பதில்தான்.

வீடு கட்டுகிறவர்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். வாஸ்து புருஷன் ஆண்டில் 8 நாட்கள்தான் கண் விழிப்பதாக நம்பிக்கை. சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி ஆகிய மாதங்களில் மாதத்துக்கு ஒரு நாள்; அந்த நாளிலும் ஒன்றரை மணி நேரம் மட்டும். அதிலும் அவர் சாப்பிட்டு வெற்றிலை போடும் கடைசி 36 நிமிடத்தில் பூமிபூஜை செய்வது விசேஷம். தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் இந்த நாட்கள் அச்சாகியிருக்கும். வங்கியில் வீட்டுக்கடன் தயாராகி, கொத்தனாருக்கு ஆள் கிடைத்து, மணல் வந்து இறங்கி, அதன் பிறகு வாஸ்து நாளும் ஒத்துவர வேண்டும். அந்தக் காலண்டரை அச்சிடும் சிவகாசிக்காரர்களுக்கு நாள் கணக்கு இன்னும் முந்தியது: அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே பூஜை போட்டு வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நாள் ஒத்துவந்தாலும் காசு ஒத்துவர வேண்டுமே. சித்திரையிலிருந்து ஆடி வரை கையில் காசு புரளாத காலம். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். கட்டணம், சீருடை, பை, வேன் என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டிலிருந்தால், மே மாதம் முடிவு வரும் வரை வேறெந்தத் திட்டமும் நகராது. காவிரிப் படுகையிலோ இதே நேரத்தில்தான் விதைநெல்லுக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 120 அடி அணையில் அன்று எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைக் கர்நாடகத்தில் பெய்யும் மழையும் அங்கிருந்து வரும் தண்ணீரும் முடிவு செய்யும். பல ஆண்டுகள் குறித்த நாளில் அணை திறக்காமல் போயிருக்கிறது. திறந்தால் குறுவை, சம்பா என்று இரண்டு போகம். இல்லாவிட்டால் சம்பா ஒன்றுதான். சித்திரையில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் போடும் எந்தக் கணக்கும் இந்த இடத்தில் இரண்டாகக் கிளை பிரியும்.

சம்பா அறுவடை தையில் தொடங்கும். நெல் விற்ற காசு கைக்கு வரும். மார்கழியோடு கல்யாணத் தடையும் விலகும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழியின் கணக்கு இவ்வளவுதான். சம்பளக்காரர் வீட்டில் தையின் இடத்தைத் தீபாவளி பிடித்துக்கொண்டது. குறைந்தபட்ச போனஸ் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு: ஒரு மாதச் சம்பளம். அந்தப் பதின்மூன்றாவது சம்பளத்துக்குச் சித்திரையிலேயே செலவு எழுதிவைக்காத தொழிலாளி குடும்பத்தைப் பார்ப்பது கடினம்.

சித்திரைக்கும் தைக்கும் நடுவில் கிடக்கும் ஒன்பது மாதத்தைக் கடக்கச் சீட்டு உதவுகிறது. ஏலச்சீட்டின் கணக்கு எளிது. 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் அது ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் 20,000 தள்ளிக் கேட்டு 80,000 எடுத்துக்கொள்கிறார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவருக்கு 5,000 போனால் மீதி 15,000 இருபது பேருக்கும் பிரியும், ஆளுக்கு 750. ஆக அந்த மாதம் கட்ட வேண்டியது 4,250தான். கல்யாணத்தை உத்தேசித்துச் சீட்டில் சேருகிறவர்கள் எந்த மாதத்தில் எடுப்பது என்பதையும் சேரும்போதே தீர்மானித்திருப்பார்கள். ஆடியில் எடுத்தால் தள்ளு அதிகம். கடைசி வரை பொறுத்தவருக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் கிடைக்கும். சீட்டை 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். தெருவில் ஒரு அக்காவை நம்பிக் கட்டும் சீட்டுகள் அந்தப் பதிவேட்டில் இருப்பதில்லை. அந்த அக்கா ஊரைவிட்டுப் போன அன்றுதான் சட்டம் நினைவுக்கு வரும்.

நகைச்சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், தவறினால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று கம்பெனிகளுக்கு 2014-இல் விதி வந்தது. சித்திரையில் முதல் தவணை கட்டினால் பதினோராவது தவணை மாசியில் முடியும். பெண்ணின் கல்யாணம் தையில் என்றால் இரண்டு மாதம் முந்திச் சேர்ந்திருக்க வேண்டும். கணக்குத் தெரிந்த அம்மாக்கள் மாசியிலேயே சேர்ந்துவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதிலும் வரிசை மாறிவிட்டது. முன்பு ஜோசியர் குறித்த நாளில் மண்டபம் தேடினார்கள். இப்போது மண்டபம் காலியாக இருக்கும் முகூர்த்தங்களை எழுதிக்கொண்டு போய், இதில் எது பொருந்தும் என்று ஜோசியரைக் கேட்கிறார்கள். தை, ஆவணி வளர்பிறை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஊரே போட்டி போடும். தேய்பிறையில் ஒரு வியாழக்கிழமை போதும் என்று இறங்கிவந்தால் மண்டப வாடகையும் சேர்ந்து இறங்கும்.

ஆண்டின் பெயரிலிருந்தே வரும் திட்டம் ஒன்றும் உண்டு. தமிழ் ஆண்டுகளின் 60 பெயர்களும் ஒரு சுற்று முடிந்து திரும்ப வரும். 2026 ஏப்ரலில் பிறக்கும் பராபவ ஆண்டு இதற்கு முன் வந்தது 1966-இல். ஆகவே 1966 சித்திரைக்கும் 1967 பங்குனிக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இது மணிவிழா ஆண்டு. பிறந்த மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில், மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூருக்குப் போய் அப்பாவும் அம்மாவும் மறுபடி மாலை மாற்றிக்கொள்வார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் செலவில் எவ்வளவு பங்கு, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்குமா என்ற பேச்சு முந்தின ஆண்டே தொடங்கிவிடும். "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்று அப்பா சொல்வதும் அந்தப் பேச்சில் தவறாமல் இடம்பெறும்.

யாழ்ப்பாணத்தில் இந்த நாளுக்குத் தனிப் பக்குவம் இருக்கிறது. வருடம் பிறக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னுமான நாலு மணி நேரம் விஷு புண்ணிய காலம். அதற்குள் கோயிலிலிருந்து வாங்கிவந்த மருத்து நீரைத் தலையில் தேய்த்து முழுக வேண்டும். தலையில் எந்த இலை, காலில் எந்த இலை என்பதையும் என்ன நிறத்தில் உடுப்பு என்பதையும் பஞ்சாங்கம் சொல்லும். கைவிசேடத்துக்கும் அதுவே சுபநேரம் குறிக்கிறது. வெற்றிலையில் காசு வைத்து வீட்டுப் பெரியவர் கொடுக்க, மற்றவர்கள் வணங்கி வாங்குவார்கள். முதலில் யார் கையால் வாங்குவது என்பதில் ஊருக்குள் நல்ல கவனம் உண்டு. கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர் வீட்டு வாசலில் அன்று ஆள் வரத்து அதிகம். வாங்கிய காசைச் செலவழிக்காமல் பெட்டியில் வைப்பார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்துபோவதும் இந்த நாளை ஒட்டித்தான். இலங்கையில் சிங்களவருக்கும் இதுவே புத்தாண்டு, நாடு முழுக்க விடுமுறை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சித்திரையில் நல்லேர் பூட்டுவார்கள். ஊர் ஏர்களெல்லாம் ஒரு நிலத்தில் கூடி, விதை தூவி, கிழக்கு நோக்கி ஒரு சுற்று உழுதுவிட்டுத் திரும்பும். மாடுகள் குறைந்த ஊர்களில் டிராக்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு அதையே ஓட்டுகிறார்கள். கடைக்காரர் சிலர் அன்று புதுக் கணக்கு எழுதுவார்கள். பிள்ளையார் சுழி போட்டு மஞ்சள் வைத்த முதல் பக்கத்தில் வரவைத்தான் முதலில் எழுத வேண்டும். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று சொல்லித் தொடங்குவது போலத்தான் இதுவும்.

பங்குனி கடைசியில் அடுத்த பஞ்சாங்கம் வந்துவிடும். மாடியறை எழும்பியதோ இல்லையோ, அடகுச் சீட்டு வட்டி கட்டித் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். தையில் தவறிய கல்யாணம் ஆவணிக்கு மாறியிருக்கும். பழைய பஞ்சாங்கத்தை எடைக்குப் போட மாட்டார்கள். அந்த ஆண்டு வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் ஜாதகம் கணிக்க அது வேண்டும். பிறந்த நேரத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்து, துணி சுற்றி, பீரோவின் மேல்தட்டில் பத்திரத்தோடு வைத்துவிடுவார்கள்.