காலையில் பனி, மத்தியானம் வெயில்!

குழந்தைகளே! மாசி மாதத்தில் கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்கு வந்திருக்கிறீர்களா? பனி இறங்கிய காலையில், கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் பஸ்கள் விடிந்த பிறகும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வரும். வெள்ளாற்றின் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அதே நாள் மத்தியானம் தார் ரோடு காலைச் சுடும்! காலைப் பிரேயரில் குல்லாவோடு நடுங்கிய பிள்ளைகள், மத்தியான வகுப்பில் நோட்டை விசிறியாக்கிக்கொள்வதை நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன்.

குளிர்நாடுகளில் மார்ச் வந்தால் வசந்தம் என்பார்கள். நம் முன்னோர் மாசி, பங்குனிக்கு வைத்த பெயர் 'பின்பனிக் காலம்'. இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும்.

காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் காரணம் ஒன்றேதான் தெரியுமா? மேகமில்லாத வானம்! பகலில் வெயிலைத் தடுக்க மேகம் இல்லை. இரவில் தரை தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் போர்வைபோல அந்தச் சூட்டைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இல்லாததால் தரை சில்லிட்டுப் போகிறது. வீராணம் ஏரியிலிருந்தும் ஈர வயல்களிலிருந்தும் வந்த நீராவி, குளிர்ந்த புல்லில் பட்டால் பனித்துளி. தரையை ஒட்டிய காற்றே குளிர்ந்தால் மூடுபனி.

நம்பிக்கை வரவில்லையா? பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போனது. அதுபோல இரண்டு பீங்கான் தட்டுகளை எடுங்கள். ராத்திரி ஒன்றைத் திறந்த வாசலிலும், மற்றொன்றைக் கீற்றுக் கொட்டகைக்கு அடியிலும் வையுங்கள். காலையில் வாசல் தட்டுதான் அதிகம் நனைந்திருக்கும். பனி மழைபோல மேலிருந்து விழுகிறது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது தட்டின் மேலேயே உண்டாவது. கொட்டகைக் கூரை சூட்டைத் திருப்பி அனுப்பியதால் உள்ளே இருந்த தட்டு அவ்வளவு குளிரவில்லை.

இந்தப் பனியை நம்பி ஒரு பயிரே இருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஏழு, பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் உளுந்து தலைதூக்கும். அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் விடியற்காலைப் பனியுமே போதும். சுமார் எழுபது நாளில் காய் பறிக்கலாம். நம் வீட்டு இட்லிக்கு உளுந்து இப்படியும் வருகிறது!

ஆனால் பனிக்குப் பதில் மழை வந்தால்? வங்கக்கடலில் உருவான தாழ்வு மண்டலம் 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இலங்கையில் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மழை கொட்டியது. முற்றிய நெல் சாய்ந்தது. உளுந்து வயலில் தண்ணீர் நின்றது. நின்றால் வேர் அழுகிவிடும்.

தினமும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேர மழையை அளப்பார்கள். சென்னை வானிலை மையம் வெளியிடும் மழைப் பட்டியலில் சேத்தியாத்தோப்பின் பெயரையும் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பெயரைப் பார்த்தால் ஊரே மகிழும். மாசியில் மட்டும் அது பட்டியலில் வராமல் இருந்தால்தான் உளுந்து விதைத்தவர்களுக்கு நிம்மதி!